வேலை அழுத்தம் எங்கிருந்து வருகிறது, ஆளை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி. கம்பெனி, பின்னலாடை யூனிட், வங்கி, ஜவுளிக்கடை என்று எங்கே வேலை பார்ப்பவர்களிடம் பேசினாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில். மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

வேலை என்றால் டென்ஷன் இருக்கத்தான் செய்யும். இதைப் போய் ஏன் பெரிதாகப் பேச வேண்டும்?

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதும், தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடையிலும், ஏற்றுமதி ஆர்டர் கப்பலேறும் நாளிலும் பரபரப்பு இருக்கும். அது தவறே இல்லை. ஆபத்து என்று உணர்ந்தால் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், கவனம் கூர்மையாகும். வேலை முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இரவு நன்றாகத் தூக்கம் வரும்.

இறங்காமல் இருந்தால்தான் சிக்கல். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-லேயே எலிகளை வைத்து இதைக் காட்டினார். காரணம் குளிரோ, காயமோ, எதுவானாலும் சரி, தொடர்ந்து கொடுத்தால் உடல் முதலில் அபாய மணி அடிக்கும், அப்புறம் எதிர்த்துச் சமாளிக்கும், கடைசியில் ஓய்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது, லீவு நாளிலும் போன் அதிர்ந்தால் நெஞ்சு திடுக்கென்கிறது என்றால், அதைச் சாதாரண டென்ஷன் கணக்கில் சேர்க்க முடியாது.

முக்கியமான காரணம் எது? வேலை அதிகமாக இருப்பதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதி சரி.

1979-ல் ராபர்ட் காரசெக் என்பவர் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தகவல்களை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். வேலையின் பளு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த ஆளுக்கு எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றார். பளு அதிகம், உரிமை குறைவு என்ற இடத்தில்தான் ஆள் நொறுங்குகிறார். பளுவும் அதிகம், உரிமையும் அதிகம் என்றால் களைப்பு இருக்கும். ஆனால் அந்த வேலையில் ஆள் வளரவும் செய்வார்.

ஒரே கட்டிடத்திலேயே இதைப் பார்க்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஐ.டி. கம்பெனியில் மென்பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வேலை பார்க்கிறார். எதை முதலில் எடுப்பது, எதை நாளைக்குத் தள்ளுவது என்பது அவர் கையில் இருக்கிறது. இரண்டு மாடி கீழே கால் சென்டரில் இருப்பவருக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை. ஆனால் ஒரு அழைப்பு எத்தனை நிமிடம், என்ன வாசகம் பேச வேண்டும், எப்போது எழுந்து கழிப்பறை போகலாம் என்பது வரை திரை சொல்கிறது. எதிர்முனையில் திட்டுகிறவரிடமும் சிரித்த குரலில்தான் பேச வேண்டும். அழுத்தம் யாருக்கு அதிகம் என்று மணிக்கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

உணவு டெலிவரி செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “நீங்களே உங்களுக்கு முதலாளி” என்றுதான் விளம்பரம் வருகிறது. ஆர்டர், வழி, ஊக்கத்தொகை, ரேட்டிங் எல்லாவற்றையும் தீர்மானிப்பது செயலி. கேள்வி கேட்க எதிரே ஒரு மனிதர்கூட இல்லை.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே மாரடைப்பு வரும்?

சினிமாவில் அப்படித்தான், முதலாளிதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதற்கு நேர்மாறாகக் காட்டியது. மைக்கேல் மார்மட் குழுவினர் பார்த்தபோது, கடைநிலை ஊழியர்களிடையே இதய நோய் மரணம் உயரதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. எல்லோருமே ஓர் அரசாங்கத்தின் நிரந்தர ஊழியர்கள், அலுவலக வேலை, சிகிச்சையும் இலவசம். புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் இடைவெளியில் பெரும்பகுதி மிஞ்சியது.

1985-ல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். இந்த முறை பெண்களும் உண்டு. தன் வேலையில் தனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று அதில் தெரிந்தது. மேனேஜருக்கும் கவலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது.

எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் உலகம் முழுவதும் 7,45,000 பேர் இறந்ததாக அந்தக் கணக்கு மதிப்பிட்டது.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 55 மணி நேரம் சுலபமாகத் தாண்டிவிடும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று வைத்தது. அந்த இரட்டைச் சம்பளம் எத்தனை பேர் கைக்கு வருகிறது என்று லைனில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கலாம். வார மொத்தம் 48-ஐத் தாண்டாது என்றுதான் அரசு சொன்னது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே, சில நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். காகிதத்தில் 48 என்று இருப்பது தளத்தில் 48 ஆகவே இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. எதிர்ப்பு அவ்வளவு வேகமாகக் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஜப்பானில் வேலை மிகுதியால் வரும் சாவுக்கு ‘கரோஷி’ என்றே பெயர். ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் விநியோகப் பிரிவில் இருந்த 29 வயது இளைஞர் 1969-ல் பக்கவாதத்தில் இறந்ததை அதன் முதல் வழக்காகச் சொல்கிறார்கள். அதைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டம் வர 2014 ஆயிற்று.

நைட் ஷிப்ட் பழகிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

மனசு பழகும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது, அது அவ்வளவு லேசில் மாறாது. அதிலும் வாரம் ஒரு ஷிப்ட் என்று சுற்றிவிட்டால் மாறவே மாறாது. காலை ஏழு மணிக்கு கேப் இறக்கிவிடும்போது தெரு விழித்துக்கொள்கிறது. எதிர்வீட்டில் கட்டுமான வேலை, ஆடி மாதமென்றால் கோயில் ஒலிபெருக்கி, நடுவில் கூரியர்காரர். பகலில் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினால் பெரிய விஷயம். தூக்கம் குறைந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எடையும் ஏறுகின்றன. நைட் ஷிப்ட் வேலை “மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற வகையில் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும், மறுபடி பரிசீலித்து 2019-லும் சொன்னது. நைட் ஷிப்ட் பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. சந்தேகத்துக்கு வலுவான இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சம்பளம் குறைவாக இருப்பதும் அழுத்தத்தில் சேருமா?

சேரும். கடன் கவலை ஒரு பக்கம் என்றால், கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள இடைவெளி இன்னொரு பக்கம். ஜெர்மனியின் யோஹான்னஸ் ஸீக்ரிஸ்ட் 1996-ல் இதை ஒரு கோட்பாடாகவே வைத்தார். அவர் கணக்கில் கூலி என்பது பணத்தோடு முடிவதில்லை, மரியாதையும் வேலைப் பாதுகாப்பும் பதவி உயர்வும் அதில் சேரும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் ஒரே லைனில் ஒரே வேலையை நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்வார்கள். யூனிஃபார்ம் நிறம் வேறு, சம்பளம் வேறு. சில இடங்களில் கேன்டீன் வரிசைகூட வேறு. தினம் எட்டு மணி நேரம் அந்த வித்தியாசம் கண்ணெதிரே நிற்கிறது.

மேலதிகாரி ஒருவரால் இவ்வளவு பாதிப்பு வருமா?

வரும். வேலையை விடுபவர்களிடம் கேட்டால் பல நேரம் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டார்கள், ஓர் ஆளைச் சொல்வார்கள். திட்டுவது மட்டுமில்லை. இன்று சொன்னதை நாளை மாற்றுவது, இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டு நடுவில் ஊழியரை மாட்டிவிடுவது, பாராட்டைத் தான் வாங்கிக்கொண்டு எஸ்கலேஷனை, அதாவது மேலிடம் வரை போன புகாரை, கீழே தள்ளுவது, இதெல்லாம் சேர்ந்துதான். எதற்குத் திட்டு விழும் என்று தெரிந்தால் மனிதன் எப்படியோ சமாளித்துவிடுவான், தெரியாமல் காத்திருப்பதுதான் தின்றுவிடும்.

இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு. வங்கிகளிலும், காப்பீடு, மருந்து விற்பனையிலும் ராத்திரி ஒன்பது மணிக்கு அன்றைய டார்கெட் பட்டியல் குரூப்பில் விழும், கீழே இருக்கும் பெயர்கள் சிவப்பில். பட்டியல் போடுபவருக்கு அது ஊக்கம். சிவப்பில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டும். பிரான்சில் 50 பேர், அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்ற சட்டம் 2017-ல் அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் அப்படியொரு உரிமை 2024-ல் வந்தது.

வேலை போய்விடுமோ என்ற பயம்?

வேலை போவதைவிட, போகுமோ என்று காத்திருப்பது சிலருக்கு மோசம். ஐ.டி.யில் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் ஒதுக்கப்படாமல் இருப்பவர்களைக் கேளுங்கள், முழுச் சம்பளம் வரும், வேலை எதுவும் இருக்காது, தூக்கமும் இருக்காது.

இந்தப் பயத்தையே ஆயுதமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ் டெலிகாம் உதாரணம். அரசு நிறுவனமாக இருந்து தனியார் கைக்குப் போனது. ஊழியர்களில் பலர் இன்னும் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்ததால் நேரடியாக நீக்க முடியாது. 2006-லிருந்து 2008-க்குள் 22,000 பேரை வெளியே அனுப்பத் திட்டம் போட்டார்கள். ஊர் விட்டு ஊர் மாற்றினார்கள், தெரியாத வேலையில் போட்டார்கள், தாங்களாகவே போய்விட வேண்டும் என்ற சூழலை உண்டாக்கினார்கள். தற்கொலைகள் நடந்தன. 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவர் திதியே லோம்பார் உள்ளிட்டவர்களையும் குற்றவாளிகள் என்றது. நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம், அன்றைய சட்டத்தில் அதுதான் உச்சம். தொகை சின்னது. ஆனால் ஒரு நிர்வாகத் திட்டமே துன்புறுத்தல் ஆகலாம் என்று தீர்ப்பு சொன்னது பெரிய விஷயம்.

உடம்பில் என்னென்ன தெரியும்?

தலைவலி, கழுத்து தோள் இறுக்கம், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கம் வராமை, அல்லது விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அப்புறம் தூங்க முடியாமை, மாதவிடாய் தள்ளிப்போவது. நாள்பட்டால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும். சிகரெட், குடி, ராத்திரி பிரியாணி எல்லாம் இந்தப் பாதை வழியாகவும் உடம்புக்குள் வருகின்றன.

“டென்ஷனால அல்சர்” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான். பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காக பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அழுத்தம் அதைக் கிளறிவிடும். ஆகவே டென்ஷன்தான் என்று நினைத்து ஜெலுசில் குடித்துக்கொண்டே இருக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு வலியை “கேஸ்” என்று ஒதுக்குவது அதைவிட ஆபத்து. இடது கை, தாடை வரை பரவினால், வியர்த்தால், உடனே 108.

பர்ன் அவுட் என்பதும் மனச்சோர்வும் ஒன்றா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது. மூன்று அடையாளம்: சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் அலட்சியமும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. பெரும்பாலும் நன்றாக வேலை செய்து வந்தவர்களுக்கே இது வருகிறது. அரசு மருத்துவமனையில் நோயாளியிடம் எரிந்து விழும் நர்ஸ் ஒரு காலத்தில் மிகக் கனிவானவராக இருந்திருக்கலாம்.

மனச்சோர்வு வேலையோடு நிற்காது. குழந்தையின் சிரிப்பு, பிடித்த பாட்டு, கிரிக்கெட் மேட்ச் எதுவும் ஒட்டாது. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பர்ன் அவுட் நீண்டுகொண்டே போய் மனச்சோர்வில் கொண்டுவிடுவதும் உண்டு.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. காலை ஐந்து மணிக்கு அடுப்பில் தொடங்கும் நாள் அலுவலகத்தில் முடிவதில்லை. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள், அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கழிப்பறை. ஜவுளிக்கடைகளிலும் சின்ன யூனிட்டுகளிலும் போக அனுமதி கேட்க வேண்டும், அல்லது போகிற மாதிரி இடம் இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் வருகின்றன. டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். காரணம் கடையிலேயே இருக்கிறது.

உட்காரும் உரிமைக்கே நாம் சட்டம் போட வேண்டியிருந்தது. கேரளம் 2018-ல் செய்ததைத் தொடர்ந்து, 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. உங்கள் ஊர்க் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பது இரண்டு தனிக் கேள்விகள்.

பாலியல் தொல்லை இருந்தால் 2013 சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் யோகா வகுப்பு, ஃபன் ஃபிரைடே எல்லாம் வைக்கிறார்கள். போதாதா?

யோகா நல்லது, செய்யுங்கள். ஆனால் ஐந்து பேர் வேலையை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பிரச்சினை உன் மனசில்தான், எங்கள் ஏற்பாட்டில் இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் வேலை அமைப்பை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் பரிந்துரைகளில் சேர்த்தது.

செலவு பற்றிக் கவலைப்படும் முதலாளிகளுக்கு ஒரு கணக்கு. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்கிறது அதே நிறுவனம். வராதவர் கணக்கு வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். வந்து உட்கார்ந்து திரையையே வெறித்துக்கொண்டிருப்பவரின் கணக்கு எங்கேயும் வராது.

நான் தனி ஆளாக என்ன செய்ய முடியும்?

ஓரளவு. முதலில், எது அழுத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள். பளுவா, நேரமா, ஆளா, பயமா? “எல்லாமே” என்று தோன்றும். இரண்டு வாரம் குறித்துவைத்தால் ஒன்றிரண்டுதான் மேலே நிற்கும். பளு என்றால் மேலதிகாரியிடம் “முடியாது” என்பதைவிட, “இந்த நான்கில் எந்த இரண்டை இந்த வாரம் முடிக்கட்டும்?” என்று மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த மெயில் பின்னால் உதவும்.

தனியாகப் போய்ப் பேசுவதைவிட நாலு பேர் சேர்ந்து பேசுவது எப்போதும் நல்லது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், போதுமான நாட்கள் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்ப்படியாகக் கிடைக்கும். மனநலக் காரணத்துக்கும் மருத்துவர் சான்று தரலாம். கூச்சப்பட்டுக்கொண்டு “வைரல் ஃபீவர்” என்று எழுதி வாங்க வேண்டியதில்லை.

பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

சில இடங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். உடம்பு கெடுகிறது, சொல்லிப் பார்த்தும் எதுவும் மாறவில்லை, அவமானம் தினசரி நடக்கிறது என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். மிகவும் சோர்ந்திருக்கும் வாரத்தில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். முதலில் லீவு, தூக்கம், மருத்துவர், அப்புறம் ராஜினாமாக் கடிதம். இ.எம்.ஐ. கட்டுபவர்களால் உடனே விட முடியாது என்பதும் தெரியும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்ப்பதைத் தொடங்கிவிட்டாலே, உள்ளே நிற்கும் விதம் கொஞ்சம் மாறும்.

வீட்டில் ஒருவர் வேலையிலிருந்து வந்து யாரிடமும் பேசாமல் ஒடுங்கிக்கொள்கிறார். என்ன செய்வது?

“எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். யோசனையும் உடனே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸில் என்ன நடக்கிறது என்று கேட்டு, முடியும் வரை குறுக்கிடாமல் கேளுங்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, குடி கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

“நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி” என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளர் சீட்டு போட்டால் போதும், கூட ஒருவர் போவது நல்லது.